மாசானத்தின் கழுத்துப் பட்டை

செம்பூரில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற தூரத்தில், விளையாட்டுத் தொழில்நுட்பக் கம்பெனி ஆரம்பிக்க விரும்புகிறவர்களை வளர்த்துவிடுவதற்கென்று ஒரு மையம் இருக்கிறது. ஜைத்ரா வளர்ப்பு மையம் என்று பெயர். அங்கே போய் வளர்ந்து, வெளியே வந்து, ஒரு பொருளை விற்ற கம்பெனி என்று இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. மையத்தில் யாரும் இதை ஒரு குறையாக நினைப்பதில்லை. கம்பெனி வராவிட்டால் என்ன, பாடங்கள் வந்திருக்கின்றனவே என்பார்கள். அந்தப் பாடங்களைச் சட்டம் போட்டு, வரவேற்பறையிலிருந்து கழிப்பறை வாசல்வரை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். இடம் போதாமல் மேல்மாடியையும் வாடகைக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு.

மாசானம் அங்கே போய்ச் சேர்ந்தது கபடியினால்.

அவன் தாராவி தொண்ணூறடி ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தான். தங்கை உமாமகேஸ்வரி பெண்கள் கபடி அணியில் மூலையில் நின்று பிடிக்கிறவள். அவள் கையில் ஒருத்தியின் கணுக்கால் சிக்கிவிட்டால் நடுக்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதே அணியில் பாடிப் போகிறவள் அஃப்ஷா. மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே எதிரணிப் பக்கம் போய், ஆளைத் தொட்டு, பாட்டு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருவது அவள் வேலை. பாட்டு அறுந்தால் அவுட்.

போன வருஷம் இறுதி ஆட்டத்தில் அஃப்ஷா ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, பாட்டு அறுந்துவிட்டது என்று நடுவர் கையைத் தூக்கிவிட்டார். அறுபடவே இல்லை என்று அவள் அழுதாள். மைதானத்தில் நாசிக் டோல் மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நடுவருக்கு என்ன கேட்டதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரயில்வேக்கு ஆள் பார்க்க வந்தவர்கள் ஜெயித்த அணியின் பெண்களிடம் மட்டும் பேர் கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். விளையாட்டுக் கோட்டாவில் வேலை கேட்க அஃப்ஷாவுக்கு இந்த வருஷத்தோடு வயசு முடிகிறது.

அந்த ஆத்திரத்தில் மாசானம் செய்ததுதான் கழுத்துப் பட்டை. பக்கத்துப் பட்டறையில் வாங்கிய மெல்லிய தோல். உள்பக்கம், தொண்டை அதிர்வதைப் பிடிக்கிற ஒரு சின்ன மைக். வெளிப்பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு விளக்கு. பாட்டு ஓடுகிறவரை பச்சை எரியும், அறுந்தால் சிவப்பு. டோல் என்ன, இடியே இடித்தாலும் விளக்கு பொய் சொல்லாது. அந்த மைக் குர்லாவின் பழைய சாமான் சந்தையில் தற்செயலாகக் கிடைத்தது. அதே மாதிரி இன்னொன்றைத் தேடி அவன் ஓயாமல் அலைந்தும் கிடைக்கவில்லை. அதனால் பட்டை ஒன்றுதான். பாடிப் போகிறவள் கட்டிக்கொண்டு போய், வந்ததும் கழற்றி அடுத்த அணிக்காரியிடம் கொடுக்க வேண்டும். போட்டி நடத்தும் மண்டல் என்கிற சங்கத்தின் தலைவர்கூடப் பார்த்துவிட்டு, இந்த வருஷ இறுதி ஆட்டத்தில் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அஃப்ஷா அன்றைக்குப் பட்டையைக் கழற்றவே மாட்டேன் என்று கட்டிக்கொண்டே திரிந்தாள்.

விதி யாரை விட்டது. லீக் ஆட்டம் ஒன்றுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார் ஏஞ்சலோ. ஜைத்ரா மையத்தின் இயக்குநர். செம்பூரில் வளர்ந்த நாகர்கோவில் குடும்பம். மேடையில் இங்கிலீஷ், காரில் இந்தி, வேலை ஆக வேண்டுமென்றால் தமிழ். பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது என்னன்னு நினைச்சிட்டிருக்கீங்க?"

"பட்டை சார்."

"இல்ல. இது ஒரு பிளாட்ஃபார்ம்."

மாசானம் பயந்துபோய்ப் பட்டையை இன்னொரு முறை பார்த்தான்.

மையத்துக்குக் கிளம்புகிற அன்று உமா வாசலில் நின்று சொன்னாள்: "போறது பெருசில்லண்ணே. தொட்டுட்டு ஜல்தி கோட்டுக்குத் திரும்பிரணும். எதிராளி பக்கத்துல ரொம்ப நேரம் நின்னா அமுக்கிருவாங்க. ஃபைனலுக்குப் பட்டை வேணும், பாத்துக்க."

"பக்கா. ஃபைனலுக்கு முன்னாடியே வந்திருதேன்" என்றான்.

மாசானமும் ஒரு காலத்தில் பாடிப் போனவன்தான். அந்தப் பழக்கம் அவன் பேச்சிலேயே ஊறிவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் பதிலுக்கு இடைவெளி விடமாட்டான். வாயை மூடினால் அவுட் என்று நினைப்பு. சரி என்று ஆரம்பித்தால் சரி சரி சரி என்று மூச்சு முட்டுகிறவரை போவான். கடைக்கு வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. மையத்துக்கு வசதியாக இருந்தது. பட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளலாமா என்று ஏஞ்சலோ கேட்டபோது, அவர் கேள்வியை முடிப்பதற்குள் இவன் சரி சரி சரி என்று சொல்லி முடித்திருந்தான்.

"முதல் பாடம்" என்றார் ஏஞ்சலோ, பெட்டியின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு. "செஞ்ச பொருள் மேல ஆசை வைக்கக் கூடாது. நான் கிரிக்கெட் மட்டைக்குள்ள சிப் வச்சவன். ஒரு மட்டைகூட விற்கல. ஏன் விற்கலன்னு எத்தனை காலேஜ்ல பேசியிருக்கேன் தெரியுமா? வித்திருந்தா இன்னிக்கு மட்டைக் கடைக்காரனா உக்காந்திருப்பேன்."

மாசானத்துக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. ஆனாலும் சரி என்றான்.

வாசல் கதவின் விஷயம் அன்று சாயங்காலம்தான் அவனுக்குத் தெரிந்தது. உள்ளே வரும்போது கையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருந்தார்கள். வெளியே போக அந்த வளையத்தைக் கதவில் வைக்க வேண்டும். வைத்தான். திறக்கவில்லை. ஷேர் ஆட்டோவுக்கு வரிசை நீளுமே என்ற பதற்றத்தில் மறுபடியும் வைத்தான். அப்போதும் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான்.

"அவசரப்பட்டா திறக்காது ப்ரோ. நாடி அடங்கணும். உக்காருங்க."

அவன் ஜிபின், மான்குர்த்காரன். அந்த வளையம் அவன் செய்தது. ஓட்டப் பந்தயக்காரர்களுக்காகச் செய்தான். இதயம் எல்லை மீறித் துடித்தால் வளையம் எச்சரிக்கும். மையம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பாடம் பாடமாக நடத்தி, கடைசியில் கதவில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. வெளியே போகத் துடிக்கிறவர்களுக்கு அது திறப்பதில்லை. பதற்றத்தில் யாரும் தொழிலை விட்டுவிட்டுப் போய்விடக் கூடாது என்பது மையத்தின் அக்கறை.

"நீங்க எப்போ வெளிய போனீங்க?" என்று மாசானம் கேட்டான்.

ஜிபின் நெடுநேரம் யோசித்தான். "ஏழாவது பாடம்: வெளியேங்கிறது ஒரு மனநிலை" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிட்டான். நன்றாகப் பேசுகிற பையன்தான். ஆனால் எதைக் கேட்டாலும் பாடத்தின் எண்ணைச் சொல்லித்தான் பதில் சொன்னான். ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கும் அப்படித்தான்.

அன்றைக்கு மாசானம் கண்ணை மூடி, உமாவை நினைக்காமல், ஃபைனலை நினைக்காமல், எதையுமே நினைக்காமல் உட்கார்ந்து நாடியை அடக்கிய பிறகுதான் வீட்டுக்குப் போக முடிந்தது.

வாராவாரம் வெள்ளிக்கிழமை தோல்வி விழா. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக எழுந்து, தான் எப்படித் தோற்றேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். நடத்துகிறவர் மாலதி மேடம், மாட்டுங்காக்காரர். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று, வாழ்க்கையில் எந்தத் தொழிலும் செய்யாத அனுபவத்தோடு வழிகாட்டியாக வந்தவர். மாசானத்தின் முறை வந்தது.

"நான் இன்னும் தோக்கலையே மேடம். பட்டை நல்லா வேலை செய்யுது."

வட்டத்தில் யாரோ நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"இதுக்குப் பேர்தான் அகந்தை" என்றார் மாலதி மிகவும் அன்பாக. "பரவாயில்லை. எல்லாருக்கும் ஆரம்பத்தில் இருக்கும். அடுத்த வெள்ளிக்குள்ள தோத்துட்டு வாங்க."

அடுத்த வெள்ளி மாசானம் ரயிலில் குடையைத் தொலைத்ததைச் சொன்னான். அது சொந்தத் தோல்வி, தொழில் தோல்வி வேண்டும் என்றார்கள். அதற்கு அடுத்த வெள்ளி, வேறு வழி தெரியாமல் உள்ளதைச் சொன்னான்: இங்கே தினமும் வருவதால் கடையைத் திறக்க முடியவில்லை, ஆட்கள் வேறு கடைக்குப் போகிறார்கள், போன வாரம் கடையைக் கைவிட்டுவிட்டேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஏஞ்சலோ வந்து கட்டிப்பிடித்தார். அந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு, அவன் பெயரோடு சுவரில் மாட்டினார்கள். மாசானத்துக்குச் சங்கடமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூசுகிற ஒரு சந்தோஷமும் இருந்தது. அவன் பெயரை இதுவரை யாரும் எங்கேயும் மாட்டியதில்லை.

பிறகு வாடிக்கையாளரைத் தேடும் பாடம். நம் பட்டையை யார் வாங்குவார்கள் என்று விசாரித்து வர வேண்டும். மாசானம் உற்சாகமாகத் தாராவி மைதானத்துக்குக் கிளம்பினான். மாலதி தடுத்துவிட்டார்.

"கபடி தெரிஞ்சவங்ககிட்ட போகாதீங்க. அவங்களுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கும். நமக்கு வேண்டியது தகவல்."

ஆகவே மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் என்கிற பூங்காவைச் சுற்றிக் காலை நடை போகிறவர்களை நிறுத்தி விசாரித்தான். ஒருவர் வேகத்தைக் குறைக்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு பெரியவர் மட்டும் நின்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதைக் கட்டினால் தன் மைத்துனரின் குறட்டை நிற்குமா என்றார். மாசானம் இதை வேடிக்கையாக நினைத்து மையத்தில் சொன்னான். மாலதி வேடிக்கையாக நினைக்கவில்லை. மறுநாளே மையத்துப் பலகையில், பட்டை யாருக்கு என்ற இடத்தில் இருந்த கபடி என்பதை அழித்துவிட்டுக் குறட்டை என்று எழுதினார்கள். அந்த வாரக் கடைசியில் குறட்டையையும் அழித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். காலி இடம்தான் பெரிய சந்தை என்றார் ஏஞ்சலோ.

இதற்கிடையில் வீட்டில் உமா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டை எங்கண்ணே?"

"பெட்டியில பத்திரமா இருக்கு."

"பெட்டிக்குள்ளயா விளையாட்டு நடக்கு? சாவிய வாங்குண்ணே. அஃப்ஷா பிராக்டீஸ்ல பாதியில பாதியில நிக்குதா. பாட்டு அறுந்துச்சான்னு அவளுக்கே இப்பம் சந்தேகம் வந்துட்டு."

"இது மூணாவது பாடம் உமா. சந்தேகம் வர்றது நல்லது" என்றான் மாசானம். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. உமா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

கதவு மட்டும் அவனுக்கு முன்னைவிடச் சீக்கிரம் திறக்க ஆரம்பித்திருந்தது.

இறுதி ஆட்டத்தன்றே மையத்தின் அரங்கேற்ற நாளும் வந்து தொலைத்தது. முதலீட்டாளர்கள் முன்னால் ஒவ்வொருவரும் மேடையேறித் தன் கம்பெனியைப் பற்றிப் பேச வேண்டும். மாசானம் முதல் தடவையாகத் துணிந்து ஏஞ்சலோவின் அறைக்குப் போனான்.

"சார், சாயங்காலம் தாராவியில ஃபைனல். பட்டைய இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொண்டு போறேன் சார். ஒரு பொண்ணோட வேலை அதுல இருக்கு."

ஏஞ்சலோ பாசத்தோடு சிரித்தார். "கொண்டு போங்க தம்பி. உங்க பொருள் உங்களுக்குத்தான். பேசி முடிச்சதும் கழுத்திலிருந்து கழற்றிட்டு நேரே கிளம்பிடுங்க."

"கழுத்திலயா?"

அப்போதுதான் பலகையின் காலி இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவன் பார்த்தான். பேச்சாளர்கள் என்று எழுதியிருந்தது.

"கம்பெனி ஆரம்பிக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம்" என்று பக்கத்தில் நின்ற மாலதி விளக்கினார். "பேசும்போது நடுவில் நிறுத்தி யோசிக்கிறாங்க. யோசிச்சா சந்தேகம் தெரியும். சந்தேகம் தெரிஞ்சா முதலீடு வராது. உங்க பட்டை அதைச் சரிபண்ணிடும். சார் கையசைக்கிற வரைக்கும் பச்சை அணையாம பேசுங்க. சிவப்பு வந்தா பட்டை மையத்துக்குச் சொந்தம். பயப்படாதீங்க, நீங்க கபடிக்காரர்தானே."

மாசானம் மேடையேறினான். தன் கையால் தைத்த தோல் தன் தொண்டையை இறுக்கியது. பேசத் தொடங்கினான், பச்சை எரிந்தது. முதலில் பட்டையைப் பற்றிப் பேசினான். பிறகு சந்தை, பிறகு பாடங்கள். இயக்குநர் கையசைத்தால் முடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான். ஏஞ்சலோ முன்வரிசையில் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார், கையசைக்கவில்லை. சொல்ல விஷயம் தீர்ந்து போனது. ஆனால் வாய் நிற்கவில்லை. நிறுத்தினால் பட்டை போய்விடும், பட்டை போனால் அஃப்ஷா போய்விடுவாள் என்றுதான் முதலில் ஓட்டினான். ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தோல்வியே வெற்றி, வெளியே என்பது மனநிலை, பொருள் கடைசி, மனிதன் அதற்கும் கடைசி என்று அவனுக்கே புதிதான பாடங்கள் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தன. முதலீட்டாளர்கள் குறிப்பெடுத்தார்கள். எதற்காக ஓட்ட ஆரம்பித்தோம் என்பது எந்த இடத்தில் அவனுக்கு மறந்தது என்று சொல்ல முடியாது. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது.

அப்போது அரங்கத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உமா வந்தாள். பின்னால் அஃப்ஷா. இரண்டு பேரும் ஆட்ட உடையிலேயே இருந்தார்கள். கீழே ஆட்டோ காத்திருந்தது.

"அண்ணே! கழட்டு. கிளம்பு. டாஸ் போடப் போறாங்க."

மாசானம் அவளைப் பார்த்தான். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. "குடும்பம் என்பதும் ஒரு சந்தைதான், குடும்பத்தின் எதிர்ப்பு என்பது நம் வளர்ச்சியின் முதல் அளவுகோல்..."

"பைய்யா, ப்ளீஸ்" என்றாள் அஃப்ஷா. "எனக்கு இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல."

உமா மேடையேறினாள். காலம் காலமாகச் செய்து பழகியதைச் செய்தாள். குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்தாள். அவன் விழுந்தான்; விழுந்தும் பேசினான், பட்டையை அவிழ்க்க வந்த அஃப்ஷாவின் கையைத் தட்டிவிட்டான். முதலீட்டாளர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து ஆரவாரம் செய்தார்கள். உமா அவன் இடுப்பை வளைத்துப் பிடித்து, மேடையின் விளிம்புப் பக்கம், வாசல் பக்கம் இழுத்தாள். பாட்டு அறுகிறவரை விடக் கூடாது என்றுதான் பிடித்தாள். பிடிபட்ட எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். எல்லாரும் துள்ளுவார்கள், திமிறுவார்கள், விரல் நுனியாவது நடுக்கோட்டில் படட்டும் என்று தங்கள் பக்கத்தை நோக்கித்தான் நீளுவார்கள். இவனும் திமிறினான். அவன் கை நீண்டது. ஆனால் உள் பக்கமாக நீண்டது. மேடையின் நடுவே இருந்த மேஜையின் காலை எட்டிப் பிடிக்கப் பார்த்தான்.

உமாவின் பிடி தானாகத் தளர்ந்தது.

"விடு அஃப்ஷா, போவோம்" என்று எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "கோட்டுக்கு வரத் துடிக்கிறவனத்தான் நான் பிடிச்சிருக்கேன். இவன் அந்தப் பக்கத்து ஆளு."

"பத்தாவது பாடம்!" என்று எழுந்து கத்தினார் ஏஞ்சலோ. "பார்த்தீங்களா? பிடிச்சு இழுத்தும் பச்சை!"

அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பாட்டு அஃப்ஷாவுடையது. ஆளைத் தொட்டாள், திரும்பினாள். டோல் முழங்கியது. நடுவர் கையைத் தூக்கிவிட்டார். அறுபடவே இல்லை, நான் கேட்டேன், நான் கேட்டேன் என்று உமா மைதானம் முழுக்கக் கத்தினாள். எடுத்துக் காட்ட அவளிடம் ஒரு விளக்கும் இல்லை. ரயில்வேக்காரர்கள் இந்த வருஷமும் அடுத்த பக்கம் போய்ப் பேர் கேட்டார்கள்.

ஆட்டம் என்ன ஆயிற்று என்று மாசானம் விசாரிக்கவில்லை. அவனுக்கு ஓர் அறையும், கதவில் வழிகாட்டி என்ற பலகையும் கொடுத்திருந்தார்கள். பட்டை இப்போது நிறையப் பேர் கழுத்தில் இருக்கிறது. மைக்குக்கு மையமே வெளிநாட்டில் சொல்லி வரவழைத்துவிட்டது.

மறுவாரம் ஒரு நாள் சும்மா டீ குடிக்கலாம் என்று வாசலுக்குப் போய் வளையத்தைக் கதவில் வைத்தான். வைத்த மாத்திரத்தில் திறந்தது. நாடியை அடக்க வேண்டியிருக்கவில்லை, கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை. வெளியே வெயிலில் ஷேர் ஆட்டோக்காரன் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்று கூவிக்கொண்டிருந்தான். மாசானம் திறந்த கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் பாடம் எடுக்க நேரமாகிவிட்டது என்று உள்ளே திரும்பிப் போனான்.